ரெஸ்யூமா? ரீஸ்டார்ட்டா? ரிவைவா?

கேள்வி: நின்னுபோன வேலைய திரும்ப ஆரம்பிச்சாச்சுன்னு ஆபீஸ் மெயில்ல எழுதணும் சார். ரெஸ்யூம்னு போடவா, ரீஸ்டார்ட்னு போடவா? ரெண்டும் ஒண்ணுதானே? (வாசகர், தேனி)

பதில்: ஒண்ணு இல்லங்க. 2025 ஐபிஎல் ஞாபகம் இருக்கா? மே மாசம் இந்தியா, பாகிஸ்தான் சண்டை வந்து டோர்னமென்ட்ட நிறுத்தி வச்சாங்க, அப்புறம் மே 17ஆம் தேதி திரும்ப ஆரம்பிச்சாங்க, அதுவரை ஒவ்வொரு டீமும் எடுத்த பாயின்ட் அப்படியே இருந்துச்சு, விட்ட இடத்துலேருந்து தொடர்ந்தாங்க, இதுதான் ரெஸ்யூம். ஆனா தர்மசாலாவுல பாதியில நின்ன பஞ்சாப்-டெல்லி மேட்ச் கதை வேற. பஞ்சாப் 10.1 ஓவர்ல 122 ரன்னுக்கு ஒரே விக்கெட்னு வெளுத்துக்கிட்டு இருந்தப்ப லைட் அணைஞ்சு மேட்ச் நின்னுச்சு, அத மே 24ஆம் தேதி ஜெய்ப்பூர்ல வச்சு முதல் பந்துலேருந்து புதுசா ஆடவிட்டாங்க, அந்த 122 ரன் காத்தோட போச்சு. கடைசில டெல்லி ஜெயிச்சிருச்சு, பஞ்சாப் ரசிகருக்கு வயிறு எரிஞ்சிருக்கும்! இது ரெஸ்யூம் கிடையாது, ரீப்ளே. ரீஸ்டார்ட்னு எழுதினா படிக்கிறவருக்கு "முதல்லேருந்தா, விட்ட இடத்துலேருந்தா"ன்னு ஒரு சந்தேகம் வரும், அதனால உங்க மெயில்ல ரெஸ்யூம் போடுங்க, ஆனா கூடவே அகெய்ன் சேர்க்காதீங்க, பாதி பேரு சேர்க்கிறாங்க, ரெஸ்யூமுக்குள்ளயே "திரும்ப" இருக்கு. வேலை தேடும்போது அனுப்புற ரெஸ்யூமே வேற சமாச்சாரம், எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்புதான் வேற.

கேள்வி: ப்ரீமியம் கட்டாம விட்டுட்டேன், ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் பாலிசிய "ரிவைவ்" பண்ணணும்ங்கிறார். வண்டி இன்சூரன்ஸ்க்கு மட்டும் "ரினியூ"ங்கிறாங்களே, ஏன்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஏஜென்ட் சரியாத்தான் சொல்லியிருக்காரு. வண்டி இன்சூரன்ஸ் காலம் முடியும், அடுத்த காலத்துக்குப் புதுசா போடுறோம், அது ரினியூ. உங்க பாலிசி காலம் முடியவே இல்ல, நடுவுல மூச்சு நின்னுபோச்சு, அதுக்கு உயிர் குடுக்கிறதுதான் ரிவைவ். லத்தீன்ல "வாழ்தல்"ங்கிற சொல்லுலேருந்து வந்தது. பங்குச்சந்தையோட சேராத சாதா பாலிசின்னா கட்டாம விட்ட முதல் ப்ரீமியத்துலேருந்து 5 வருஷத்துக்குள்ள பாக்கிய வட்டியோட கட்டணும், உடம்பு நல்லா இருக்குன்னு எழுதியும் குடுக்கச் சொல்வாங்க, பங்குச்சந்தையோட சேர்ந்த யூலிப் பாலிசின்னா 3 வருஷம்தான். தள்ளிப்போடாதீங்க அம்மா.

மயங்கி விழுந்தவர் முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்புறதும் ரிவைவ்தான். இதயமே நின்னுபோனவர் நெஞ்ச நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை அமுக்கி மீட்கிறாங்களே, அதுக்கு டாக்டருங்க ரிசஸிடேட்ம்பாங்க. சிபிஆர்ல கடைசி எழுத்து அதுதான்.

கேள்வி: கம்ப்யூட்டர ரீபூட் பண்ணுன்னு சொல்றாங்களே, அதுல பூட்ஸ் எங்கேருந்து வந்துச்சு? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: நெசமாவே பூட்ஸ்லேருந்துதான் தம்பி. மாட்டும்போது பிடிச்சு இழுக்க பின்னால ஒரு வார் இருக்கும்ல, அத இழுத்து தன்னைத் தானே மேல தூக்கிக்கிறதுன்னு இங்கிலீஷ்ல ஒரு பழைய பேச்சு உண்டு, நடக்காத காரியத்துக்குச் சொல்றது. கம்ப்யூட்டருக்கும் அதே சிக்கல், ப்ரோக்ராம ஏத்தறதுக்கே ஒரு ப்ரோக்ராம் வேணும், அதனால முதல்ல ஒரு குட்டி ப்ரோக்ராம் ஓடி அது மத்ததை இழுத்துட்டு வரும், அதுக்கு பூட்ஸ்ட்ராப்னு பேர் வச்சு, சுருக்கி பூட் ஆக்கிட்டாங்க. இப்ப பழைய சினிமா கதைய புது ஆளுங்கள வச்சு முதல்லேருந்து எடுத்தாலும் ரீபூட்ங்கிறாங்க.

கேள்வி: கிக்ஸ்டார்ட், ஜம்ப்ஸ்டார்ட், என்ன வித்தியாசம்? (வாசகர், ஓசூர்)

பதில்: கிக்ஸ்டார்ட்ல உங்க காலே போதும், பழைய புல்லட் ஓட்டினவங்களக் கேளுங்க. ஜம்ப்ஸ்டார்ட்னா நம்ம கார் பேட்டரி செத்துப்போய் பக்கத்து கார் பேட்டரிலேருந்து கேபிள் போட்டு கிளப்புறது. பேப்பர்ல பொருளாதாரத்தப் பத்தி எழுதுறவங்க இந்த வித்தியாசமெல்லாம் பாக்குறதில்ல, ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுவாங்க, நீங்களும் போடலாம்.