பதினான்கு தொட்டிகள்

வணக்கம். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளின் வரலாற்றை எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதில் எழுத என்ன இருக்கிறது? என் மகள் அறையில் பதினான்கு தொட்டிகள். எல்லாம் இன்ஸ்டாகிராம் பார்த்து வந்த மோகம். கேட்டால் காற்றைச் சுத்தப்படுத்தும் என்கிறாள். அதுவாவது உண்மையா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மோகம்தான், சரி. ஆனால் எந்தச் செடி மேல் மோகம் வரும் என்பதை வீடுதான் தீர்மானித்திருக்கிறது.

லண்டனில் நதானியல் வார்டு என்றொரு மருத்துவர். நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பெரணிகள் (ஃபெர்ன் செடிகள்) எல்லாம் கருகின. 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்தார். அவர் காத்திருந்தது பூச்சிக்கு. மண்ணில் முளைத்ததோ பெரணி. பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. புகை உள்ளே புகவில்லை. இப்படிப் பிறந்த கண்ணாடிப் பெட்டியில்தான் பின்னாளில் சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுக்கு வந்தன. 1845-இல் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் பெட்டி வசதியான வீடுகளின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. மலைகளில் பெரணியைப் பிடுங்கித் தீர்த்தார்கள். அந்தப் பித்துக்குத் தனிப் பெயரே உண்டு.

பெட்டி இல்லாத வீடுகளுக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா. கிழக்காசியக் காடுகளில் மர நிழலில் வளர்வது. மண்ணிலிருந்து நேராக நீண்ட கரும்பச்சை இலைகள் கிளம்பும்; பூ தரையோடு ஒட்டிக்கிடக்கும், குனிந்து தேடினால்தான் தெரியும். அழகி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கனத்த திரை போட்ட இருட்டறை, கேஸ் விளக்கின் நச்சுப்புகை, கரித்தூள் எல்லாவற்றையும் தாங்கியது. மற்ற செடிகள் செத்துப்போன வீட்டில் இது நின்றது, நின்றதாலேயே கௌரவமானது. தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி முன்ஜன்னலில் வைத்தார்கள். கரி படியும் அந்த இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலைக்காரப் பெண் இருந்த வீட்டில் அதுவும் அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

அப்புறம் மின்விளக்கு வந்தது. குளிர்நாட்டு வீடுகளில் அறைகளைச் சூடாக்கும் குழாய்களும் அகலமான ஜன்னல்களும் வந்தன. மான்ஸ்டெரா போன்ற வெப்பமண்டலச் செடிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆஸ்பிடிஸ்ட்ரா பாட்டி காலத்துச் செடி என்று கேலிப்பொருளானது.

காற்று விஷயம்: செடிகள் காற்றைச் சுத்தப்படுத்துமா என்று 1989-இல் நாசா செய்த சோதனை சிறிய, மூடிய அறைப்பெட்டிகளில் நடந்தது. கதவும் ஜன்னலும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்குப்படி, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும். மகளுக்குப் படுக்க இடம் இருக்காது.

ஒன்று கேட்க வேண்டும். பதினான்கு தொட்டிகளின் இலைகளையும் துடைப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லையே?