கோழிப்பண்ணையில் செத்த கோழியைப் பண்ணையில் வளர்க்கும் முதலைக்குப் போட்டால் கழிவுப் பிரச்சினை தீருமா? என்ன கட்டுப்பாடு வேண்டும்?

ஜார்ஜியா, ஃபுளோரிடா போன்ற அமெரிக்க மாநிலங்களை வைத்துச் சொல்கிறேன். ஓரளவுதான் தீரும்.

20,000 கோழி உள்ள கொட்டகையில் 4 சதவீதம் செத்தாலே ஒரு வளர்ப்புச் சுற்றுக்கு 800 கோழி. இது கொஞ்சம் கொஞ்சமாக அன்றாடம் வரும். முதலையின் பசி அப்படியல்ல. 31 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாகத் தின்னும், 20க்குக் கீழே போனால் வாயே திறக்காது. ஆகவே சூடேற்றிய கொட்டகையும், குளிர்பதன அறையும், மிஞ்சுவதை எரிக்கவோ மட்கவைக்கவோ மாற்று வழியும் இல்லாதவருக்கு உரிமம் தரக்கூடாது.

நோய்தான் பெரிய சிக்கல். பறவைக் காய்ச்சல் சந்தேகம் உள்ள மந்தையிலிருந்து ஒரு கோழிகூட வெளியே போகக்கூடாது. சால்மோனெல்லா என்ற, வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா முதலையின் குடலில் தங்கி இறைச்சிக்கும் வரும். அழுகியதை ஒதுக்கிவிட்டு, அன்றே குளிரூட்டி, அரைத்து, வைட்டமின் கலந்து கொடுப்பதே முறை. இறகு செரிக்காமல் தொட்டி நீரில்தான் சேரும். அந்தக் கழிவுநீரை ஓடையில் விட்டால், கோழியைப் புதைக்காமல் தப்பித்ததற்கு அர்த்தமே இல்லை.

அமெரிக்க முதலை 1987-இல் அழியும் இனப் பட்டியலிலிருந்து நீங்கினாலும் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தோலுக்கும் அடையாள வில்லை கட்டாயம். நோய்க்கு வேளாண் துறை, தோல் வணிகத்துக்கு வனவிலங்குத் துறை என இரண்டின் கண்காணிப்பும் தேவைப்படுவது இதனால்தான்.