இரண்டு ஹெட்போன்: மத்தளமும் வெக்கையும்

கேள்வி: எங்கள் ஊர்க் கோவலன் கூத்தை விடிய விடியப் பதிந்து, பிறகு மடிக்கணினியில் வெட்டித் தொகுக்கிறோம். சோனி எம்டிஆர்-7506, ஓடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் இரண்டையும் கடையில் போட்டுப் பார்த்தோம். சோனி தெளிவாக இருந்தது. மற்றதில் மத்தளம் கம்பீரமாகக் கேட்டது. எதை வாங்கலாம்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: கடையில் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கைத்தொலைபேசியில் செருகி ஒரே வொலியூம் வைத்தால் சோனிதான் சத்தமாகக் கேட்கும். அதன் உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு, 106 டெசிபல், எம்50எக்ஸுக்கு 99. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ஈக்குவலைசர், டொல்பி என்று சத்தத்தை மாற்றும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கூத்தை நடத்தும் அண்ணாவியார் தனியாகப் பாடும் அரை நிமிடத் துண்டு ஒன்றை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அவர் குரல் இரண்டிலும் ஒரே சத்தமாக வரும் வொலியூம் படிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு ஒப்பிடுங்கள்.

அப்படிக் கேட்டாலும் வித்தியாசம் இருக்கும். 1991இல் வந்த சோனி மேல் சுரங்களைத் தூக்கிக் காட்டும். கைத்தாளத்தின் கிணுக்கம், 'ச', 'ஸ' ஒலிகள், மைக்கில் அடித்த காற்று, வயர் உரசிய கரகரப்பு எல்லாம் முன்னுக்கு வரும். பிழை பிடிக்க இது நல்லது. ஆனால் அதை நம்பி ட்ரெபிளைக் குறைத்துக்கொண்டே போனால், வீட்டு ஸ்பீக்கரில் பதிவு மங்கலாகிவிடும். 2014இல் வந்த எம்50எக்ஸ் பேஸை, அதாவது கீழ்ச் சுரங்களை, தடிப்பாக்கும். மத்தளத்தில் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கத்து அடி நெஞ்சில் விழும். 'கூடிப்போச்சு' என்று நீங்கள் பேஸைக் குறைப்பீர்கள்; கோயில் ஒலிபெருக்கியில் போடும்போது மத்தளம் தகரம் தட்டியது போலக் கேட்கும்.

உங்கள் வேலைக்கு நாங்கள் சோனியையே சொல்வோம். பதிவு நடக்கும்போதே பிழை தெரிய வேண்டும், கூத்து முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை. ஒரு குறை: அதன் சுருள் வயர் கழற்ற முடியாதது, இழுத்தால் 3 மீற்றர் நீளும், பாரமும் கூட. அறுந்தால் சோல்டர் பண்ணத்தான் வேண்டும். எம்50எக்ஸில் வயரைத் திருகிக் கழற்றிப் புதிதாக மாட்டலாம். சோனியை எடுத்தால் வயரை மேசைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். யாராவது தடக்கினாலும் இழுவை காதுப்பக்கம் போகாது.

கேள்வி: மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழ் வேலை. கண்ணாடியும் போடுகிறேன். இவற்றில் எது சுகம்?
– வாசகர், பரந்தன்

பதில்: வயர் இல்லாமல் சோனி 230 கிராம், எம்50எக்ஸ் 285 கிராம். தலை உச்சியில் இந்த வித்தியாசம் இரண்டாவது மணித்தியாலத்தில் தெரியும். எம்50எக்ஸ் பக்கவாட்டில் இறுக்கியும் பிடிக்கும், கண்ணாடிக் காலுக்கு மேல் அந்த அழுத்தம் நோவு தரும். சோனியின் காதுக் குஷன் ஆழம் குறைந்தது. பெரிய காது என்றால் நுனி உள்ளே துணியில் முட்டும். வெக்கைக்கு இரண்டுமே ஆகாது. மூடிய வகை, செயற்கைத் தோல். வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழற்றிக் காதுக்குக் காற்றுப் பட விடுங்கள்.

கண்ணாடிக்கால் குஷனைத் தூக்கினால் இடைவெளியால் பேஸ் ஒழுகிப்போகும். இரண்டு காதுக் கிண்ணங்களையும் விரலால் மெல்ல அமர்த்திப் பாருங்கள். மத்தளம் உடனே தடித்தால் அடைப்புச் சரியில்லை என்று அர்த்தம். காதோரத்து முடியும் இதையே செய்யும். வெல்வெட் குஷன் வியர்வையைக் குறைக்கும், ஆனால் பேஸும் குறையும். மாற்றினால் பழைய பதிவு ஒன்றைக் கேட்டுக் காதைப் புதுச் சத்தத்துக்குப் பழக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: குஷனில் இருந்து கறுப்புச் செதில் உதிர்ந்து காதில் ஒட்டுகிறது. ஏன்?
– வாசகர், வவுனியா

பதில்: மேலே இருப்பது பொலியூரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. தலைக்கு வைக்கும் எண்ணெய் இன்னும் இளக்கும். உதிரத் தொடங்கியதை ஒட்டவைக்க முடியாது, குஷனையே மாற்ற வேண்டும். பழையதைப் பிடித்து இழுத்தாலே வந்துவிடும். புதியதன் பின்பக்கத்து மெல்லிய மடிப்பைக் கிண்ணத்தின் ஓரக் காடிக்குள் ஒரு இடத்தில் செருகி, பழைய வங்கி அட்டையின் விளிம்பால் சுற்றிவரத் தள்ளிக்கொண்டு போங்கள். கடைசி இரண்டு விரற்கடை இறுக்கமாகத்தான் இருக்கும், மடிப்பைக் கிழித்துவிடாமல் மெதுவாக இழுத்து விடுங்கள். திருகாணிச் சாவி போன்ற கூர்மையான எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வழுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். பிறகு ஒவ்வொரு நாளும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, வியர்வை காய்ந்த பின்பே பைக்குள் வையுங்கள்.