மருத்துவர் பதில்கள்: கரண்ட் வைத்து முடிந்த பிறகு வரும் இருமல்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள், கூடவே வாரம் ஒரு கீமோ. முடிந்து மூன்று வாரம் ஆகிறது. “பின்னாடி நுரையீரல் புண்ணாகலாம், பார்த்துக்கோங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? சிகிச்சைத் தாளில் ‘வி20 – 27%’ என்று இருக்கிறதே, அது என்ன? அப்பா நாற்பது வருடம் பீடி குடித்தவர், போன வருடம்தான் விட்டார்.
– ஒரு மகள், கோவில்பட்டி

பதில்: முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். இரண்டு நுரையீரலையும் ஒன்றாகச் சேர்த்து, அதில் கட்டியை மட்டும் கழித்துவிட்டு, மீதியில் எத்தனை சதவீதம் 20 கிரேயோ (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அதற்கு மேலோ கதிர் வாங்குகிறது என்று கணக்கிடுவோம். அதுதான் வி20. (தினம் 2 கிரே வீதம் 30 நாளில் கட்டிக்கு 60 கிரே போகும். சுற்றியிருக்கிற நல்ல நுரையீரலும் போகிற வழியில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், வேறு வழியில்லை.) 35-ஐத் தாண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவாக வைத்திருக்கிற கோடு. பிளான் போடும் பிசிக்ஸ் ஆட்களோடு நான் மல்லுக்கட்டுவது பாதி நாள் இந்த ஒரு எண்ணுக்காகத்தான். உங்கள் அப்பாவுடையது கோட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

ஆனால் கோட்டுக்குள் இருப்பவருக்கு அந்த நுரையீரல் புண், அதாவது கதிரால் வரும் அழற்சி, வராது என்று அர்த்தமில்லை. 1999-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. வி20 22 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் மருந்து தேவைப்படும் அளவுக்கு யாருக்கும் அழற்சி வரவில்லை, அதற்கு மேல் ஏற ஏற வந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டோம். அப்புறம் 2013-ல், கரண்டும் கீமோவும் ஒன்றாக வாங்கிய 836 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு முப்பது பேருக்குத் தொந்தரவு தெரியும் அளவுக்கு வந்திருந்தது. நூற்றுக்கு இரண்டு பேர் அதனால் இறந்திருந்தார்கள். 65 வயதைத் தாண்டி, பாக்லிடாக்ஸல்–கார்போபிளாட்டின் கீமோ எடுத்தவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது. வாரம் ஒரு கீமோ என்கிறீர்கள். தாளில் அந்த இரண்டு பெயரும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வயதையும் சேர்த்து, கட்டி கீழ்ப்பகுதியில் இருப்பதையும் சேர்த்து, அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஆளாகத்தான் நான் எழுதிக்கொள்வேன்.

பீடி விஷயம் விசித்திரமானது. சிகிச்சையின்போதும் புகைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த அழற்சி குறைவாக வருவதாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு அப்பா பீடிக்கட்டைத் தேடினால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள். புகை, சிகிச்சையின் பலனையே கெடுக்கும்.

என் கணக்கு தப்பிய ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு, லாரி ஓட்டுபவர். வி20 வெறும் 18. “உங்களுக்கெல்லாம் ஒண்ணும் வராது, தைரியமாப் போங்க” என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன். பத்தாவது வாரம் வறட்டு இருமல், சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். ஊரில் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார். மார்பில் கரண்ட் வைத்ததை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. என்னிடம் வந்தபோது ஆக்ஸிஜன் அளவு 86. ராத்திரி உட்கார்ந்து கரண்ட் வைக்கும் முன் பிளான் போட எடுத்த அவருடைய பழைய ஸ்கேனைத் திரும்பத் திறந்தேன். இரண்டு நுரையீரலின் அடி ஓரத்திலும் கொசுவலை மாதிரி மெல்லிய கோடுகள். ஏற்கெனவே தழும்பேறிக்கொண்டிருந்த நுரையீரல். ரிப்போர்ட்டிலும் ஒரு வரி இருந்தது. நான் கட்டியை மட்டுமே பார்த்திருந்தேன். இப்படிப்பட்ட நுரையீரல் கொஞ்சம் கதிரைக்கூடத் தாங்காது. எண்ணில் தப்பில்லை, நான் பார்த்த வரிசையில்தான் தப்பு. ஆள் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். அதிலிருந்து முதலில் நுரையீரல், அப்புறம்தான் எண்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கரண்ட் முடிந்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து ஆறு மாதம் எண்ணிக்கொள்ளுங்கள். கதிர் பட்ட காற்றறைகளும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் உடனே கோபித்துக்கொள்வதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று வீடு நிம்மதியாகும் நேரத்தில்தான் தொடங்கும். சளியில்லாத இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, லேசான காய்ச்சல். இன்றைக்கே ஒரு படிக்கட்டைத் தேர்ந்துகொண்டு அப்பா எத்தனை படி நிற்காமல் ஏறுகிறார் என்று குறித்துவையுங்கள், வாரம் ஒரு தடவை அதே படிக்கட்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தால் ஏறி முடித்ததும் பாருங்கள், உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பார்த்தால் ஏமாற்றும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம் “மார்பில் கரண்ட் வைத்திருக்கிறது” என்பதாக இருக்கட்டும். மூச்சுத் திணறல் திடீரென்று வந்தால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக்கட்டி நுரையீரலில் அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: ஸ்கேனைப் பார்த்தே யாருக்கு இந்த அழற்சி வரும் என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்று படித்தேன். பிறகு டாக்டர்கள் ஏன் இன்னும் பழைய கணக்கையே போடுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, கணித ஆசிரியர் என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். ஸ்கேன் படத்தில் நம் கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களையும், கதிர் எந்த இடத்தில் எவ்வளவு விழுந்தது என்ற வரைபடத்தையும் சேர்த்துப் படிக்கும் மென்பொருள்கள் நிறைய வந்துவிட்டன. பழகிய ஆஸ்பத்திரியின் தரவில் நன்றாகவே சொல்கின்றன. இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பலவும் தடுமாறுகின்றன. ஸ்கேன் மெஷின் வேறு, பிளான் போடும் முறை வேறு.

ஆனால் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது, அந்த மென்பொருள்கள் பார்த்துப் படிக்கிற விடைத்தாள், அதாவது யாருக்கு அழற்சி வந்தது என்று டாக்டர்கள் எழுதிவைத்த பதிவு. இந்த அழற்சியை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிப்போம். ஸ்கேனில் மட்டும் தெரிந்தால் ஒன்று. தொந்தரவு இருந்து மருந்து தேவைப்பட்டால் இரண்டு. ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் மூன்று. இதில் ‘மருந்து தேவை’ என்பதை முடிவு செய்வது யார்? எதிரே உட்கார்ந்திருக்கிற டாக்டர். நான் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) எழுதுகிற இருமலுக்குப் பக்கத்து அறை டாக்டர் “ஒரு வாரம் பார்ப்போம்” என்பார். ஒரே இருமல், என்னிடம் இரண்டு, அவரிடம் ஒன்று. காசநோயும் சாதாரண நிமோனியாவும் நடமாடும் நம் ஊரில் இன்னும் குழப்பம். இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகத் திருத்திய தாளை வைத்துப் பிள்ளைக்குப் பாடம் நடத்தினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக நான் எதிரி இல்லை. அந்த லாரிக்காரர் ஸ்கேனில் நான் விட்ட கொசுவலையை ஒரு மென்பொருள் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கேள்வி: என் கணவருக்கு இந்த அழற்சி வந்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பத்தே நாளில் இருமல் போய்விட்டது. சர்க்கரை ஏறியதால் மாத்திரையை நாங்களே நிறுத்திவிட்டோம். இப்போது பழையபடி மூச்சு வாங்குகிறது. கதிர் மறுபடியும் வேலை செய்கிறதா?
– வாசகி, தர்மபுரி

பதில்: இல்லை அம்மா, கதிர் எப்போதோ போய்விட்டது. மருந்து அடக்கி வைத்திருந்த அழற்சி, மருந்து நின்றதும் திரும்ப எழுந்திருக்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை முதலில் இரண்டு வாரம் போல முழு அளவில் கொடுத்து, பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும். நாளைக்கே மாத்திரைத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம். ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் தொற்றும் காசநோயும் ஒளிந்திருக்கலாம், சளிப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாத்திரை. சர்க்கரைக்கு இன்சுலினைக் கூட்டிச் சமாளிக்கலாம், திட்டமாட்டார்கள், சொல்லுங்கள். மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், ராத்திரி கொடுத்தால் அவரும் தூங்கமாட்டார், உங்களையும் தூங்கவிடமாட்டார்.

கேள்வி: ஆடாதொடைக் கஷாயம் குடித்தால் இந்த அழற்சி வராதாமே?
– வாசகர், நாமக்கல்

பதில்: தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிப்பதாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கஷாயம் குடிக்கிறோமே என்று இருமலை மட்டும் மறைக்காதீர்கள்.