சைவ உணவில் புரதம், மாவுச்சத்து, உடல் எடை: கேள்வி பதில்

சைவ உணவு உண்டுகொண்டே எடையைக் குறைக்க விரும்பும் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியுள்ளேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம், பெரிய நோய் எதுவும் இல்லாத பெரியவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் எடை 82 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் தேவை? ஒருவர் 60 போதும் என்கிறார், உடற்பயிற்சிக் கூடத்தில் 160 என்கிறார்கள்.

இருவரும் வெவ்வேறு கணக்கைச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்ற அளவைத் தருகிறது. நலமாக இருக்கும், எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் பெரியவர்கள் ஏறக்குறைய அனைவருக்கும் போதுமான அளவு இது. எடையைக் குறைக்கும்போது நிலைமை மாறுகிறது. உணவு குறையும்போது உடல் கொழுப்பை மட்டுமன்றித் தசையையும் கரைத்துச் செலவழிக்கிறது என்பதால், அந்தக் காலத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை உண்பது தசையைக் காக்க உதவும்.

இந்தப் பெருக்கலை இப்போதுள்ள எடையோடு செய்யாமல், நீங்கள் அடைய விரும்பும் எடையோடு செய்யுங்கள். சேர்ந்திருக்கும் கொழுப்பைப் பராமரிக்க உடலுக்குப் பெரிதாகப் புரதம் தேவைப்படுவதில்லை. உங்கள் உயரத்துக்கு 65 கிலோ என்று இலக்கு வைத்துக்கொண்டால், நாளுக்கு 78 முதல் 104 கிராம் வரை. 85இலிருந்து 90 கிராம் கிடைத்தாலே எனக்கு நிறைவுதான். 160 கிராம் என்பது உங்களுக்குத் தேவையற்றது. சைவ உணவில் அதை எட்ட முயன்றால் புரத மாவுதான் முக்கிய உணவாகிவிடும். ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லும் இன்னொரு விஷயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம்: வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் எடைப் பயிற்சி இல்லாவிட்டால், உண்ணும் புரதம் தசையை ஓரளவுதான் காக்கும்.

கேள்வி: பருப்பு புரத உணவு என்று நம்பி வந்தேன். கைப்பேசிச் செயலியில் பார்த்தால் புரதத்தைவிட இரண்டு மடங்கு மாவுச்சத்து காட்டுகிறது. பருப்பையும் விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். சைவ உணவில் எடை குறைப்பதன் சூட்சுமம் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாவர உணவில் புரதம் தனியாக வருவதில்லை. பருப்பில் மாவுச்சத்தோடும், கொட்டைகளில் கொழுப்போடும் சேர்ந்தே வருகிறது. வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 20 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. ஆனால் அந்த 20இல் ஏறத்தாழ 8 கிராம் நார்ச்சத்து. அது வயிற்றை நிரப்பி, செரிமானத்தை மெதுவாக்குமே தவிர, சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலப்பதில்லை.

ஆகவே, 'இதில் மாவுச்சத்து இருக்கிறதா' என்று கேட்பதை விட்டு, 'இதிலிருந்து 10 கிராம் புரதம் பெற எத்தனை கலோரி உள்ளே போகும்' என்று கேளுங்கள். கெட்டியான டோஃபுவில் (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) சுமார் 90 கலோரி, கொழுப்பு நீக்கிய பாலில் 100, பருப்பில் 130, கொண்டைக்கடலையில் 185, கொழுப்பு நீக்காத பாலில் 190, நிலக்கடலையில் 220, பாதாமில் 275. சோற்றில் 480. நாளுக்கு 90 கிராம் புரதத்தையும் சோற்றிலிருந்தே எடுப்பதாக வைத்துக்கொண்டால் நாலாயிரம் கலோரிக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும். சைவ உணவில் வயிறு நிறைய உண்டும் புரதம் குறைவாகவும் எடை கூடுதலாகவும் இருப்பவர்களின் தட்டைக் கவனித்தால், பெரும்பாலும் தானியம் முக்கால் பங்கும் பருப்பு ஒரு கரண்டியுமாகவே இருக்கும். அந்த விகிதத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு நாளுக்கான கணக்கைப் பாருங்கள். கொழுப்பு நீக்கிய பாலும் தயிருமாக அரை லிட்டர், வேகவைக்காத நிலையில் 80 கிராம் பருப்பு அல்லது பயறு, 150 கிராம் டோஃபு, சமைக்காத நிலையில் 150 கிராம் தானியம், ஒரு சிறு கைப்பிடிக் கொட்டைகள், நிறையக் காய்கறி, ஒன்றிரண்டு பழம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். இவற்றில் சுமார் 85 கிராம் புரதமும் 1,650 கலோரியும் கிடைக்கும். கலோரியில் பாதிக்கு மேல் அப்போதும் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. ஆனாலும் புரதத்துக்குக் குறைவில்லை.

கேள்வி: பொட்டலத்தில் 100 கிராம் பருப்புக்கு 24 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நீங்கள் 9 என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. பொட்டலத்தில் இருப்பது உலர்ந்த பருப்பின் கணக்கு. வெந்த பருப்பு தண்ணீரை உறிஞ்சி எடையில் இரண்டரை மடங்காகிறது, புரதம் மட்டும் இருந்தபடியே இருக்கிறது. சமைப்பதற்கு முன்பே எடை போட்டு, வீட்டில் எத்தனை பேர் உண்கிறார்களோ அத்தனை பங்காக வகுத்துக்கொள்வது நல்லது. நால்வருக்கு 100 கிராம் பருப்பு வேகவைத்தால் ஆளுக்கு 6 கிராம் புரதம்தான். நீர்க்கக் கரைத்து இரண்டு கிண்ணம் குடித்தாலும் அது கூடாது.

கேள்வி: தாவரப் புரதம் முழுமையற்றது, தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்து உண்டால்தான் பயன் என்கிறார்களே?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் உடலால் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாதவை ஒன்பது. தானியங்களில் அந்த ஒன்பதில் லைசின் குறைவு, பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. ஒரே தட்டில் சேர்த்தாக வேண்டும் என்ற கருத்து 1970களில் பரவலாக இருந்தது. உடலில் அமினோ அமிலங்களின் இருப்பு எப்போதும் சிறிதளவு புழக்கத்தில் இருப்பதால், ஒரே நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும் என்பதே இன்றைய நிலைப்பாடு. சோயாவும் பாலும் தம்மளவிலேயே ஒன்பதையும் நல்ல அளவில் தருகின்றன. தாவரப் புரதம் சற்றுக் குறைவாகவே செரிக்கிறது என்பது மட்டும் உண்மை. தேவையைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக உண்டால் அது சரியாகிவிடும்.

கேள்வி: வணக்கம் ஐயா. சோறு, ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்தினேன். முதல் வாரத்தில் இரண்டரை கிலோ குறைந்தது. பிறகு அசையவில்லை. ஒரு விருந்தில் உண்டதும் மறுநாளே ஒரு கிலோ ஏறிவிட்டது. மனம் வெறுத்துப்போய் எழுதுகிறேன்.

வெறுத்துப்போக ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. பெரியவர் ஒருவரிடம் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்த இருப்பு செலவாகித் தண்ணீரும் வெளியேறுகிறது. மீண்டும் உண்டதும் இரண்டும் திரும்பி வருகின்றன, விருந்தின் உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர வேண்டுமானால் செலவாவதற்கு மேல் சுமார் 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். எந்த விருந்திலும் அவ்வளவு உண்டிருக்க மாட்டீர்கள். தினமும் காலையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒற்றை நாள் எண் எதையும் சொல்லாது.

கேள்வி: அப்படியென்றால் மாவுச்சத்தைக் குறைப்பதில் பயனே இல்லையா?

பயன் உண்டு, ஆனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். அந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. இரு பிரிவினருக்குமே சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விலக்கி, காய்கறியைக் கூட்டும்படி சொல்லியிருந்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சைவ உணவு உண்பவர் மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் தானியத்தோடு பருப்பு, பயறு, பழம், பாலில் பெரும்பகுதி எல்லாம் போய்விடும். மிஞ்சுவது டோஃபு, பாலாடைக்கட்டி, கொட்டைகள், கீரை. சில வாரம் ஓடும், பிறகு சலித்துவிடும். குறைக்க வேண்டியவை சர்க்கரையும், இனிப்புப் பானங்களும், தீட்டிய மாவில் செய்தவையும். அதற்குமேல் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தைப் பருப்புக்கும் காய்கறிக்கும் கொடுங்கள்.

கேள்வி: பசிக்கும்போதெல்லாம் பாதாம், முந்திரிதான் சாப்பிடுகிறேன். புரதம்தானே?

கொழுப்பு, கூடவே கொஞ்சம் புரதம் என்று சொல்வதே பொருத்தம். பாதாம் 100 கிராமில் 21 கிராம் புரதம், 50 கிராம் கொழுப்பு, ஏறக்குறைய 580 கலோரி. நல்ல கொழுப்புதான், ஆனால் எடையைக் குறைப்பவருக்கு நாளுக்கு 25 கிராம் போதும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமல் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புரத மாவு, புரத பிஸ்கட், புரதச் சாக்லேட் இவற்றைச் சேர்க்கலாமா?

மாவு வேறு, மற்றவை வேறு. உணவால் தேவையை எட்ட முடியாதவர்கள் நாளுக்கு ஒருமுறை பால் புரத மாவோ சோயாப் புரத மாவோ சேர்ப்பதில் தவறில்லை. பிஸ்கட்டும் சாக்லேட்டும் மேலுறையில் என்ன எழுதியிருந்தாலும் தின்பண்டங்களே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் பரிமாறினார்கள். பரிமாறியவற்றில் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் ஒத்திருந்தும், பதப்படுத்திய உணவை உண்ட வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்.

கேள்வி: சோயா ஆண்களின் ஹார்மோனைப் பாதிக்குமா? தைராய்டு மாத்திரை உண்பவர் சாப்பிடலாமா?

வழக்கமான அளவில் உண்ணும் சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவை மாற்றுவதில்லை என்பதையே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவுகள் காட்டுகின்றன. தைராக்சின் மாத்திரையை உடல் ஈர்ப்பதைச் சோயா குறைக்கக்கூடும் என்பதால், மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். நீங்கள் சொல்வதுபோல் அவருடைய தானியத்தைக் குறைக்கட்டுமா? புரதம் கூடினால் சிறுநீரகம் கெடாதா?

நீங்களாகத் தொடங்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறோர் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடும் நிலை ஏற்படலாம். இவற்றை உண்பவர்கள் மாவுச்சத்தை அறவே விலக்கும் உணவுமுறைப் பக்கமே போகக் கூடாது.

சிறுநீரகம் நலமாக இருப்பவருக்கு நான் சொன்ன அளவுப் புரதம் கேடு செய்வதாகச் சான்றில்லை. ஏற்கெனவே பாதிப்பு இருப்பவருக்குக் கணக்கே வேறு. புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு இந்தப் பாதிப்பு வெளியே தெரியாமலேயே இருக்கும். ஆகவே இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் பார்த்த பிறகே கூட்டுங்கள். அவர் மெட்ஃபார்மின் உண்பவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுவது நல்லது. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் பி12 கிடையாது, பாலில் ஓரளவே உண்டு, அந்த மருந்தோ இருப்பதையும் குறைக்கக்கூடியது.

கேள்வி: என் தாயாருக்கு 70 வயது, 52 கிலோ. மிகக் குறைவாகவே உண்கிறார். கைகால் மெலிந்துகொண்டே வருகிறது, வயிறு மட்டும் தெரிகிறது. அவரும் எடையைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். அவருக்குத் தேவை தசை. முதுமையில் அதே அளவு தசையைப் பேணக் கூடுதல் புரதம் வேண்டியிருப்பதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 52 முதல் 62 கிராம் வரை தரப் பாருங்கள். உணவின் அளவைக் கூட்ட முடியாது என்பதால் அடர்த்தியைக் கூட்டுங்கள்: பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர், வடிகட்டிக் கெட்டியாக்கிய தயிர், குழைய வெந்த கெட்டிப் பருப்பு. உண்ணும்போது இவை முதலில் வரட்டும், தானியம் பிறகு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை, முடிந்த மட்டும், நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். முயலாமலேயே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் உணவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி பருப்பும் பயறும் கூட்டினேன். வயிறு ஊதி, வாயுத்தொல்லை தாங்க முடியவில்லை.

ஒரே வாரத்தில் கூட்டியிருப்பீர்கள். பருப்பிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் தொல்லை குறையும். தோல் நீக்கிய பருப்பில் தொடங்கி, முழுப் பயறையும் கொண்டைக்கடலையையும் மூன்று நான்கு வாரத்தில் சிறிது சிறிதாகச் சேருங்கள். அதுவரை குறையும் புரதத்தை டோஃபுவாலும் தயிராலும் நிரப்பிக்கொள்ளலாம்.