காளவாயில் காணாமல் போன 44 கிலோ

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. சிமென்ட், கம்பி, பெயின்ட், சுண்ணாம்பு எல்லாம் விற்கிறோம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. நான் பி.காம். படித்தவள். பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஏதோ ஒரு போட்டிக்காக 118 தனிமங்களின் பெயர்களையும் ஒரு மாதமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், "பரிசு வாங்குவேன்" என்கிறாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவள் புத்தகத்தைப் புரட்டியபோது கால்சியம் ஓர் உலோகம் என்று போட்டிருந்தது. என் மாமியார் தினமும் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பில் இருப்பது கால்சியம்தானே? அப்படியென்றால் அவர் உலோகத்தையா மெல்லுகிறார்? என் கணவரோ, "அணுவைப் பற்றி நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள், வெள்ளைக்காரன் வந்து நம்பர் போட்டான், அவ்வளவுதான்" என்கிறார். இதற்கும் நீங்கள் ஏதாவது சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவில்பட்டி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் உலோகத்தை மெல்லவில்லை. அந்த மட்டில் அவர் நிம்மதியாக இருக்கலாம். பாக்கைப் பற்றி மருத்துவர்கள் சொல்வது வேறு. அது தனி வழக்கு.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பாரிஸில் லவாய்சியர் என்ற வேதியியலாளர் 1789-ல் தனிமங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார். மேற்கொண்டு பிரிக்க முடியாத பொருள்கள் என்று அதில் 33 பெயர்கள். அவற்றில் ஒன்று சுண்ணாம்பு! பெரிய ஆளுக்கே சுண்ணாம்பு ஒரு தனிமமாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆனால் இது ஏதோ ஓர் உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கிடப்பதாக இருக்கக்கூடும் என்ற சந்தேகத்தையும் அவர் எழுதி வைத்தார். அது 1808-ல் தீர்ந்தது. லண்டனில் ஹம்ப்ரி டேவி ஈரச் சுண்ணாம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததைக் காய்ச்சி, பாதரசத்தை ஆவியாக்கி விரட்டினார். மிஞ்சியது வெள்ளி நிறத்தில் ஓர் உலோகம். காற்றுப் பட்டால் மங்கும், தண்ணீர் பட்டால் குமிழி விடும். அதுதான் கால்சியம். மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்பைச் சுட்டும் பூசியும் வந்திருக்கிறான்; அதற்குள் இருந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்து இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன.

ஒரு கால்சியம் அணுவில் 20 எலக்ட்ரான்கள். உள்ளிருந்து வெளியே 2, 8, 8, 2 என்று அடுக்கியிருக்கும். கடைசி இரண்டின்மேல் பிடி தளர்வு. உலோகத் துண்டில் அந்த இரண்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் துண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. உலோகத்தின் பளபளப்புக்கும் மின்சாரத்தைக் கடத்துகிற குணத்துக்கும் காரணம் அந்தச் சுற்றல்தான். ஆக்சிஜன் பக்கத்தில் வந்தால் இரண்டையும் கொடுத்துவிடுகிறது. அதன்பின் பளபளப்பு ஏது? வெற்றிலையில் இருப்பது இப்படிக் கொடுத்து முடித்த கால்சியம். பெயர் மாறவில்லை, கருவில் உள்ள 20 புரோட்டான்களும் மாறவில்லை, குணம் மட்டும் அடியோடு மாறிவிட்டது. வேதிவினை என்று உங்கள் மகள் படிப்பது முழுக்க இந்த வெளிவட்டக் கொடுக்கல் வாங்கல்தான்.

இனி உங்கள் கணவர். அவரை முழுவதும் மறுக்க மாட்டேன். மணிமேகலையில் சமயவாதிகள் பேசும் இடத்தில் ஆசீவகவாதி ஒருவன் வருகிறான். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று அணுக்கள் ஐந்து வகை. அவை புதிதாகப் பிறப்பதில்லை. ஒன்று இன்னொன்றுக்குள் புகுவதில்லை என்று வாதிடுகிறான். எந்தக் கருவியும் கையில் இல்லாமல் யோசனையை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த அணுவுக்கு எடை இல்லை. ஒரு நில அணு ஒரு நீர் அணுவைப்போல எத்தனை மடங்கு கனம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மான்செஸ்டரில் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்த ஜான் டால்டன் அதைக் கேட்டார். ஹைட்ரஜன் அணு 1 என்றால் ஆக்சிஜன் அணு எவ்வளவு என்று கணக்குப் போட்டார். 1808-ல் அவர் அச்சிட்ட விடை 7. இன்று நாம் 16 என்கிறோம். பாதிக்கும் மேல் தப்பு! ஆனாலும் எண்ணாகச் சொன்னதால் அடுத்து வந்தவர்களால் அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆசீவகவாதியை அப்படித் திருத்த யாருக்கும் வழியில்லை.

எடை என்பதை நீங்கள் விற்கும் சரக்கிலேயே காட்டுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டில் சுண்ணாம்பு தாளிப்பார்கள். முற்றத்து மூலையில் ஒரு பழைய பானை, அதில் காளவாயிலிருந்து வந்த சுட்ட கிளிஞ்சல். தாத்தா ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு எங்களைத் தூண் மறைவுக்கு விரட்டுவார். முதலில் ஒன்றும் நடக்காது. தண்ணீரைக் கிளிஞ்சல் குடிக்கும் சத்தம் மட்டும். பிறகு எங்கோ ஒரு துண்டு பொட்டென்று விரியும், இன்னொன்று விரியும், ஆவி கிளம்பும், திடீரென்று பானை முழுவதும் உலை மாதிரி தளதளவென்று கொதிக்கும். அடியில் அடுப்பு இல்லை. இந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்குத் தாத்தா, "காளவாயில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது" என்றார். ஏதோ சமாளிக்கிறார் என்று அப்போது நினைத்தேன். கல்லூரியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அவர் ஏறக்குறைய சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று என்பதால் 48, மொத்தம் 100. கடவுள் சுண்ணாம்பு வியாபாரிகளுக்கென்றே போட்டுக் கொடுத்த எண் மாதிரி இருக்கிறது. சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோவைக் காளவாயில் 900 டிகிரிக்குச் சுட்டால் இறக்கும்போது 56 கிலோதான் தேறும். திருட்டு ஒன்றும் இல்லை. 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகையோடு போய்விட்டது. எடை குறைவது காளவாய்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். குறைந்தது எங்கே போயிற்று என்று தராசை வைத்துத் துரத்தியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். அவர் ஒரு மருத்துவர். சிறுநீர்ப்பைக் கல்லுக்கு மருந்து தேடப் போன இடத்தில் இதில் மாட்டிக்கொண்டார். போனது ஒரு வாயு, அதற்கு எடை உண்டு, அதைத் திரும்பவும் பொருளில் ஏற்ற முடியும் என்று 1756-ல் அச்சில் வைத்தார். அதற்கு முன்னால் புகையைச் செலவுக் கணக்கில் எழுதியவர்கள் அரிது.

மேலே போவோம். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் வாங்கிக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. (மழைக்காலத்தில் உங்கள் கடைக் கோடியில் கட்டிப்போட்ட சுண்ணாம்பு மூட்டை பருத்துத் தையல் பிரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான், காற்றின் ஈரத்தை வைத்தே ஆரம்பித்துவிடும்.) அதைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். நாள் போகப்போகச் சுவர் காற்றிலிருந்து அந்த 44 கிலோவைத் திரும்ப எடுத்து, 18 கிலோ தண்ணீரை விட்டுவிடுகிறது. 74-ஓடு 44-ஐக் கூட்டி, 18-ஐக் கழியுங்கள். மறுபடியும் 100. வெள்ளையடித்த சுவரில் இருப்பது கடலில் கிடந்த அதே கால்சியம் கார்பனேட். சூட்டின் கணக்கும் இப்படியே நேராகிறது. காளவாய் நெருப்பிலிருந்து கிளிஞ்சல் வாங்கிக்கொண்ட சூட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சியது பானைக் கொதிப்பில் வருகிறது. மீதியைச் சுவர் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கொடுத்துத் தீர்க்கிறது. சமன்பாட்டைச் சமன் செய்க என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்களே, அது பேரேட்டின் இரண்டு பக்கத்தையும் நேர் செய்கிற வேலை. உங்கள் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேதியியல் ஆசிரியரைவிட நீங்களே பொருத்தம்.

இப்போது அந்த 118.

பள்ளியில் முதல் இருபதைக் கேட்கிறார்கள், இருபதாவது கால்சியம். அதுவரை மனப்பாடம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொந்தக்காரர்கள் பெயர் தெரியாமல் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. 118-ஐயும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பது நினைவாற்றல் வித்தை; பரிசு வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் தனிமங்களின் அட்டவணையைக் கிடையாக ஒப்பிக்கிற பிள்ளைகளில் பலர் அதை நெடுக்கில் படித்ததே இல்லை என்பதுதான் என் வருத்தம். மேலிருந்து கீழாகக் கால்சியம் நிற்கும் தொகுதியைப் பாருங்கள்: பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம். ஆறுக்கும் வெளிவட்டத்தில் இரண்டே எலக்ட்ரான்கள்.

எலக்ட்ரான் என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். இன்றைய எண்களில் சொன்னால் கால்சியம் 40, பேரியம் 137. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 88.5. நடுவே நிற்கும் ஸ்ட்ரான்சியத்தின் எடை 87.6! குணத்திலும் அது இரண்டுக்கும் நடுவில். தற்செயலாக இருக்க முடியாது என்று பலருக்குத் தோன்றியது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. 1866-ல் லண்டனில் நியூலாண்ட்ஸ் என்பவர் எடைப்படி அடுக்கினால் எட்டாவதுக்கு எட்டாவது குணம் திரும்புகிறது என்று வேதியியலாளர் சபையில் கட்டுரை வாசித்தபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று சபையில் ஒருவர் கேட்டார். கேலிதான். ஆனால் நியூலாண்ட்ஸ் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே தீருவேன் என்று முரடாக நிரப்பியிருந்தார் என்பதும் உண்மை.

மூன்றாண்டு கழித்து ரஷ்யாவின் மெண்டலீவ் தன் அட்டவணையில் சில கட்டங்களைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டம் வெறுமை. அங்கே வரப்போவதற்கு நம் ஊர் ஏகத்தை எடுத்து ஏகா-அலுமினியம் என்று பெயர். அடர்த்தி 6-ஐ ஒட்டி இருக்கும் என்றார். 1875-ல் பிரான்சில் அது காலியம் என்ற பெயரில் அகப்பட்டது. கண்டுபிடித்தவர் அளந்த அடர்த்தி 4.7. பொருளைப் பார்த்தே இராத மெண்டலீவ், உங்கள் உலோகத் துண்டு சுத்தமாக இல்லை, திரும்ப அளந்து பாருங்கள் என்று ரஷ்யாவிலிருந்து சொன்னார். திரும்ப அளந்தார்கள்: 5.9. காலியம் 30 டிகிரியைத் தொடுவதற்குள் உருகிவிடும். கோவில்பட்டி சித்திரை வெயிலில் அதைக் கட்டியாகப் பார்க்க முடியாது.

இதெல்லாம் எதற்குப் பயன் என்றுதானே கேட்டீர்கள்? நம் எலும்புக்கும் இந்தத் தொகுதி தெரியும், ஆனால் அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பது கால்சியமா, அதற்குக் கீழ்வீட்டுக்காரரா என்று அதற்குச் சரியாக அடையாளம் தெரிவதில்லை. 1920-களில் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளில் ஒளிரும் எண்களைத் தீட்டும் வேலையில் இளம்பெண்கள் இருந்தார்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெயின்ட்டில் ரேடியம். உள்ளே போன ரேடியத்தை உடம்பு கால்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்தது. தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். பிறகு 1950-களில் அணுகுண்டுச் சோதனைகளின் தூசி புல்லில் விழுந்தது. புல்லிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து பிள்ளைகளுக்கு வந்தது ஸ்ட்ரான்சியம்-90. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாய்மார்கள் விழுந்த பால்பற்களைக் கூரைமேல் எறியாமல் உறையில் போட்டு ஆய்வுக்கு அனுப்பினார்கள். லட்சக்கணக்கான பற்கள். சோதனைகள் பெருகப் பெருகப் பிறந்த பிள்ளைகளின் பற்களில் ஸ்ட்ரான்சியமும் ஏறிக்கொண்டே போனது. பல்லில்தான் தேட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? அந்த நெடுக்கு வரிசைதான்.

போட்டி முடிந்ததும் மகளை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். தூளாகாத, புதிய சுட்ட சுண்ணாம்புக் கட்டியாகப் பார்த்து 56 கிராம் எடுத்து, ஒரு பீங்கான் தட்டில் போட்டுக் கடையில் காற்றாடும் இடத்தில் வைக்கட்டும். கண்ணில் தெறிக்கக் கூடாது, வெறும் கையால் தொடக் கூடாது. அதை விற்கிறவர்கள் நீங்கள், தெரியாததில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாரம் ஒரு முறை தட்டோடு நிறுத்து, தட்டின் எடையைக் கழித்து, உங்கள் கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதட்டும். கடைச் சுண்ணாம்பு அவ்வளவு சுத்தம் இல்லை, ஆகவே 100 வராது. 74-ஐத் தாண்டுகிற வாரம் எது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.