எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு பிளஸ் ஒன் அண்ணன்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் ஆறேழு பையன்கள் தினமும் ஏதாவது வம்பு செய்கிறார்கள். அடிக்கக் கூடாது, சரி. வெளியே நிற்க வைத்தால் அவர்களுக்கு அது கொண்டாட்டம். பெற்றோரை வரச் சொன்னால் கூலி வேலைக்கு லீவு போட்டு வந்து, எங்கள் கண் முன்னாலேயே பையனை அடிக்கிறார்கள். மூத்த மாணவர்களைத் துணையாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். இது ஒத்து வருமா? எப்படித் தொடங்குவது?

பதில்: ஒத்து வரும். ஆனால் அந்த மூத்த மாணவன் உங்கள் சட்டாம்பிள்ளையாக மாறிவிடக் கூடாது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் இந்த ஆபத்து மிகப் பழையது. திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்த அதிகாரம் சட்டாம்பிள்ளைக்கு. 1790களில் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பையன்களுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், பையன்களுக்குப் பையன்களையே ஆசிரியர் ஆக்கினார். தப்பு செய்தவனை விசாரிக்கவும் பையன்களே உட்கார்ந்தார்கள். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போனது. இன்றைக்கும் வகுப்புத் தலைவன் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறானே, அதே வேலைதான். நீங்கள் தொடங்கப்போவதில் அந்தப் பகுதி துளியும் வேண்டாம். மூத்தவன் பெயர் எழுத மாட்டான், முட்டி போடச் சொல்ல மாட்டான், தலைமை ஆசிரியரிடம் போட்டுக்கொடுக்க மாட்டான். இதை இரு பக்கத்துப் பையன்களும் கேட்கும்படி முதல் நாளே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, ஆறேழு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு மூத்தவனிடம் ஒப்படைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் நிறையப் பள்ளிகள் செய்கிற தவறு இது. வம்பு செய்கிற பிள்ளைகளை மட்டும் ஒரு குழுவாக்கினால், ஒருவன் சேட்டையை இன்னொருவன் சிரித்து ஊக்கப்படுத்தி, நிலைமை முன்பைவிட மோசமாகலாம் என்று தாமஸ் டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் எழுதினார்கள். எனவே ஒருவனுக்கு ஒருவன். முதலில் மூன்று ஜோடி போதும்.

பிளஸ் டூவில் பொதுத் தேர்வு நெருக்கும். பிளஸ் ஒன் மாணவர்களைக் கேளுங்கள். கேட்க வேண்டும், நியமிக்கக் கூடாது. முதல் மதிப்பெண் வாங்குகிறவன்தான் வேண்டும் என்றில்லை. எட்டாவதில் தானும் திட்டு வாங்கி, இன்று நிதானமாக இருக்கிற பையன் இருப்பானே, அவனை நான் முதலில் தேடுவேன். பெண் பிள்ளைகளுக்கு மூத்த மாணவிகளைப் போடுங்கள். ஜாதிப் பகை உள்ள ஊர் என்றால் ஜோடி சேர்ப்பதில் இருமடங்கு கவனம் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் படித்த பள்ளி மாணவர்கள்தான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. மாணவர் கையில் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரம் ஒரு முறை, அரை மணி நேரம். மூடிய அறை வேண்டாம். மைதானத்து வேப்பமரத்தடி, நூலக ஓரம் என்று எல்லார் கண்ணிலும் படுகிற இடமாக இருக்கட்டும். என்ன பேசுவது? அறிவுரை வேண்டாம். கேரம் ஆடட்டும், வீட்டுப்பாடம் செய்யட்டும், பேச்சு தானாக வரும். நான் இருந்த ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பில் மட்டும் சண்டை போடும் பையன் இருந்தான். ஒவ்வொரு முறையும் அவனை வெளியே அனுப்பிவிடுவோம். அவனுக்குத் துணையாகப் போட்ட அண்ணனுக்கு நாலாவது வாரத்தில்தான் புரிந்தது: பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. வாசிக்கும் முறை தன்னிடம் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவனை அடித்துவிட்டால் வெளியே போய்விடலாம். நாங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததுதான் அவனுக்குத் தேவைப்பட்டது. எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பது இப்போதும் உறுத்துகிறது.

மூத்த மாணவர்களுக்கு ஒரு சுமையைக் கொடுக்கக் கூடாது. ரகசியம் காப்பேன் என்று அவர்கள் சத்தியம் செய்யக் கூடாது. சாக வேண்டும் என்ற பேச்சு, பாலியல் சீண்டல், வீட்டிலோ வெளியிலோ யாராவது அடிப்பது, போதைப் பொருள் ஆகியவை அன்றே உங்களிடம் வர வேண்டும். பாலியல் குற்றம் என்றால் தகவல் கொடுப்பது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை; குழந்தைகள் உதவி எண் 1098. அதேபோல், ஒருவனைப் பலர் சேர்ந்து தொடர்ந்து துன்புறுத்துகிற விஷயத்தை மாணவர்களே பேசித் தீர்க்கட்டும் என்று விடாதீர்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் சமாதானம் என்பது அடிபட்டவன் வாயை அடைப்பதாக முடியும். அங்கே பெரியவர்கள்தான் உட்கார வேண்டும். வாரம் ஒரு நாள் நீங்களும் மூத்த மாணவர்களோடு இருபது நிமிடம் உட்காருங்கள். அது நின்றால் திட்டமும் நின்றுவிடும்.

எத்தனை நாள்? கல்வியாண்டு முடிகிறவரை. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைத் துணையாகப் போட்ட உறவுகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓராண்டு தாண்டியவைதான் அதிகப் பலன் தந்தன; மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தே போனது. முடியாது என்று தோன்றினால் தொடங்காமல் இருப்பது நல்லது.

“டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம்” என்று உங்கள் பள்ளியில் யாராவது சொன்னால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் காட்டுங்கள்: எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுப்பது 17ஆம் பிரிவு.

அப்புறம் பெற்றோர். இந்த முறை வரச் சொல்லாதீர்கள். மாலை வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரத்தில் போன் செய்து, “உங்கள் பையனுக்குப் பள்ளியில் ஒரு அண்ணனைத் துணைக்குப் போடுகிறோம், உங்களுக்குச் சம்மதமா?” என்று கேளுங்கள். மூத்த மாணவனின் வீட்டிலும் கேளுங்கள். போன வாரம் உங்கள் வகுப்புப் பையன் செய்த வம்பை அந்தப் பேச்சில் எடுக்க வேண்டாம்.